ஒரு மில்லிமீட்டர் தாரின் ஆயுள்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிப்படி, தாரைத் தெளித்து அதன்மேல் ஜல்லி தூவும் முறையில் சீல் கோட் போட 10 சதுர மீட்டருக்கு 9.8 கிலோ தார் வேண்டும். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. தாரின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியை ஒட்டியே இருப்பதால், அந்த ஒரு கிலோவைச் சமமாகப் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர் கனம்தான் வரும். அதன்மேல் ஒரே அடுக்காகப் பொடி ஜல்லி. ரோலர் ஓடி முடிந்ததும் சாலையைத் திறந்துவிடுகிறார்கள். ஓர் அச்சில் பத்து டன் சுமக்கும் லாரிகள் அதன்மேல் ஏறிப் போகத் தொடங்குகின்றன. இந்த ஒரு மில்லிமீட்டர் எத்தனை வருஷம் தாங்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். அதற்கு முதலில், இந்தப் பூச்சிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். சீல் கோட் பாரம் தாங்குவதற்காகப் போடப்படுவதல்ல. லாரியின் பாரத்தைச் சுமப்பவை அடியிலுள்ள ஜல்லி, கிராவல், மண் அடுக்குகள். மேற்பூச்சுக்கு வேறு வேலைகள் உண்டு. மழைநீர் உள்ளே இறங்காமல் அது தடுக்க வேண்டும்; டயருக்குப் பிடிமானம் தர வேண்டும்; கீழே இருக்கும் பழைய தாரை வெயிலும் காற்றும் கெடுக்காமல் மூடி நிற்க வேண்டும். ஆகவே கான்கிரீட் கட்டியை அழுத்தி உடைத்துப் பார்ப்பதுபோல இதைச் சோதிப்பதில் பயனில்லை. முதல் சில நாட்களில் ஜல்லி பிய்ந்து பறக்குமா? முதல் ஓராண்டில் ஜல்லி தாருக்குள் அமிழ்ந்துவிடுமா? பல ஆண்டுகள் கழித்துத் தார் இறுகி வெடிக்குமா? மூன்றும் வெவ்வேறு காலத்தைச் சேர்ந்த கேள்விகள். ஒன்றில் தேறிய பூச்சு மற்றதில் தேறும் என்று சொல்ல முடியாது. ஜல்லி பறக்கக் கூடாது என்று தாரைக் கூட்டினால், அதே தார் அடுத்த கோடையில் மேலே பொங்கி வரும்.

இந்த மூன்று கேள்விகளையும் வெகுகாலமாகத் துருவி ஆராய்ந்தவர்கள் நியூசிலாந்துக்காரர்களும் ஆஸ்திரேலியர்களும். நீண்ட சாலைகள், குறைந்த மக்கள் தொகை. எல்லா இடத்திலும் கனமான தார்க் கலவை போட அங்கே கட்டுப்படியாகாது. அதனால் அந்த நாடுகளின் கிராமப்புறச் சாலைகளில் பெரும்பகுதி, தார் தெளித்து ஜல்லி தூவிய மெல்லிய பூச்சோடுதான் இருக்கிறது. நெடுஞ்சாலைகளே அதை நம்பி நிற்பதால் அதன் ஆயுளைக் கணிப்பது அவர்களுக்குக் காசு சம்பந்தப்பட்ட விஷயம்.

முதல் கேள்வி, ஒட்டுதல். பிரான்சில் உருவான வியாலிட் சோதனை இதற்கு நல்ல உதாரணம். இருபது சென்டிமீட்டர் சதுரமான இரும்புத் தகட்டில் தாரைப் பூசி, நூறு ஜல்லிகளை வரிசையாக எண்ணிப் பதிக்கிறார்கள். தார் இறுகியதும் தகட்டைக் கவிழ்த்து, மூன்று முனைகளின்மேல் ஜல்லி கீழ்நோக்கித் தொங்கும்படி வைக்கிறார்கள். அரைக் கிலோ எடையுள்ள இரும்புக் குண்டு அரை மீட்டர் உயரத்திலிருந்து தகட்டின் முதுகில் விழுகிறது. பத்து வினாடிக்குள் மூன்று முறை. எத்தனை ஜல்லி உதிர்ந்தது என்று எண்ணிவிட்டால் சோதனை முடிந்தது என்று தோன்றும். ஆனால் உதிர்ந்த ஒவ்வொரு கல்லையும் புரட்டிப் பார்க்கிற கட்டத்தில்தான் விஷயமே இருக்கிறது. கல்லின் அடிப்பக்கம் வெள்ளையாக, சுத்தமாக இருந்தால் தார் அதில் பிடிக்கவே இல்லை என்று பொருள். தூசியோ ஈரமோ குறுக்கே நின்றிருக்கிறது. அடிப்பக்கத்தில் கருப்பு ஒட்டியிருந்தால் தார் கல்லைப் பிடித்திருக்கிறது, அதிர்ச்சி தாங்காமல் தாரே அறுந்திருக்கிறது. முதல் வகைக்கு ஜல்லியைக் கழுவ வேண்டும், அல்லது முன்கூட்டியே மெல்லிய தார்ப்பூச்சு கொடுக்க வேண்டும். இரண்டாவது வகைக்குத் தாரையே மாற்ற வேண்டும். இதே தகட்டைக் குளிர வைத்தும் அடித்துப் பார்க்கலாம்; எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் தார் ஒடியத் தொடங்குகிறது என்பது அப்போது தெரியும்.

சூடான தாருக்குப் பதில் எமல்ஷன் தெளித்தால் பிரச்சினை வேறு மாதிரி. எமல்ஷன் என்பது தண்ணீரில் நுண்துளிகளாக மிதக்கும் தார். தெளிக்கும்போது பழுப்பாக இருக்கும். தண்ணீர் பிரிந்து துளிகள் ஒன்றுசேரச் சேரக் கருப்பாகும். கருத்துவிட்டது என்பதற்காகக் கல்லைப் பிடிக்கும் வலு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த வலு வர மணிக்கணக்கில் ஆகும். சாலையை எப்போது திறக்கலாம் என்பதை முடிவு செய்ய அமெரிக்காவில் துடைப்பச் சோதனை ஒன்றை வைத்திருக்கிறார்கள். வட்டமான தார்ச் சீட்டில் எமல்ஷன் ஊற்றி, ஜல்லி தூவி, அழுத்தி, 35 டிகிரி செல்சியஸ் அடுப்பில் குறிப்பிட்ட நேரம் வைக்கிறார்கள். பிறகு எடைபோட்டு, மாவு பிசையும் எந்திரத்தில் மாவுக் கரண்டிக்குப் பதிலாக நைலான் பிரஷ் மாட்டி ஒரு நிமிடம் சுழல விடுகிறார்கள். மறுபடி எடை. குறைந்த எடைதான் சாலையில் பறக்கப்போகும் ஜல்லியின் மதிப்பீடு. ஒரு மணி நேரம் காய்ந்த தட்டு எவ்வளவு இழக்கிறது, மூன்று மணி நேரம் காய்ந்தது எவ்வளவு இழக்கிறது என்று ஒப்பிட்டால், இந்த எமல்ஷனுக்கும் இந்த ஜல்லிக்கும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது கையில் கிடைக்கும். அந்தக் காத்திருப்பு எத்தனையோ கார்க் கண்ணாடிகளைக் காப்பாற்றும்.

உலர்ந்த நிலையில் ஒட்டுவது பாதிக் கதைதான். மழை வந்தபின் என்ன ஆகிறது? நம் கிரஷர்களில் உடைபடும் கருங்கல் பெரும்பாலும் சிலிகா மிகுந்தது. சிலிகாவின் மேற்பரப்புக்குத் தாரைவிடத் தண்ணீர்மேல் ஈர்ப்பு அதிகம். ஓர் ஓரத்தில் தண்ணீர் நுழைய இடம் கிடைத்தால் போதும், கல்லுக்கும் தாருக்கும் நடுவே அது மெல்லப் பரவித் தாரை உரித்துவிடும். சுண்ணாம்புக்கல் அப்படியல்ல, அதிலுள்ள கால்சியம் தாரின் அமிலப் பகுதிகளோடு பிணைந்து கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். இந்தியத் தர நிர்ணயத்தின் உரிதல் சோதனை எளிமையானது: தார் பூசிய ஜல்லியை 40 டிகிரி வெந்நீரில் 24 மணி நேரம் மூழ்க வைத்து, கல்லின் மேற்பரப்பில் எவ்வளவு இடம் வெளுத்துத் தெரிகிறது என்று கண்ணால் மதிப்பிடுவது. 95 விழுக்காட்டுக்குக் குறையாமல் தார் நிற்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. செலவில்லாத சோதனை. ஆனால் ஒரே பீக்கரைப் பார்த்து ஒருவர் 95 என்பார், இன்னொருவர் 90 என்பார். ஒப்பந்தம் ஏற்கப்படுவதும் நிராகரிக்கப்படுவதும் அந்த ஐந்து விழுக்காட்டில் இருக்கும்போது கண் மதிப்பீட்டை மட்டும் நம்புவது சரியில்லை என்றே நினைக்கிறேன். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் ரா. வாசுதேவன் கொண்டுவந்த முறை, அதாவது சூடான ஜல்லிக்கு முதலில் கழிவு நெகிழியால் பூச்சு கொடுத்துப் பிறகு தார் கலப்பது, இந்த உரிதலுக்கும் ஒரு பதில்தான். அது தார்க் கலவைச் சாலைகளுக்கான முறை, சீல் கோட்டுக்கானதல்ல. என்றாலும் தண்ணீரைக் கல்லின் அருகே விடக் கூடாது என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒட்டிய ஜல்லி அதன்பின் என்ன ஆகிறது? இதற்குப் பதில் தேடியவர் நியூசிலாந்துப் பொறியாளர் எஃப். எம். ஹான்சன். 1930களின் நடுவில் அவர் வெளியிட்ட ஆய்வு இன்றுவரை உலகெங்கும் சீல் கோட் வடிவமைப்புக்கு அடித்தளம். ஜல்லியைத் தூவியதும் கற்களுக்கு இடையே பாதிக்குப் பாதி வெற்றிடம் இருக்கிறது. ரோலர் ஓடியதும் அது 30 விழுக்காடாகக் குறைகிறது. வண்டிகள் ஓட ஓட ஒவ்வொரு கல்லும் புரண்டு தன் தட்டையான பக்கத்தில் படுத்துக்கொள்ள, கடைசியில் 20 விழுக்காட்டில் நிற்கிறது. ஆக, பூச்சின் இறுதிக் கனம் என்பது கல்லின் நீள அகலத்தைப் பொறுத்ததல்ல. கல்லின் மிகச் சிறிய அளவு எதுவோ அதன் சராசரியைப் பொறுத்தது. மிஞ்சிய வெற்றிடத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தார் நிரப்பினால் போதும் என்றார் ஹான்சன்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கல்லின் சிறிய அளவு சராசரியாக 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 விழுக்காடு வெற்றிடம், 1.2 மில்லிமீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு 1.2 லிட்டர் இடம். அதில் எழுபது விழுக்காட்டை நிரப்ப 0.84 லிட்டர் தார். பழைய சாலை உறிஞ்சிக்கொள்வதையும் சேர்த்தால், தொடக்கத்தில் சொன்ன ஒரு கிலோவுக்கு அருகில் வந்துவிடுகிறோம். இடைவெளி எவ்வளவு குறுகியது பாருங்கள். சதுர மீட்டருக்கு முந்நூற்றைம்பது மில்லிலிட்டர் கூடிவிட்டால் வெற்றிடமே மிச்சமிருக்காது; வெயில் ஏறினால் தார் கற்களின் தலைக்கு மேலே வந்து பளபளக்கும். மழையில் டயர் வழுக்கும். அதே அளவு குறைந்துவிட்டால் கற்களைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. தெளிப்பு வண்டியின் ஒரு முனை அடைத்திருந்தால்கூடச் சாலை நெடுகக் கோடு போட்டதுபோல ஜல்லி உதிர்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கல் தாருக்குள் மட்டும் அமிழ்வதில்லை, அடியிலுள்ள பழைய பரப்புக்குள்ளும் இறங்குகிறது. பழைய பரப்பு இளக்கமாக இருந்தால், சரியாகக் கணக்குப் போட்ட தாரும் அதிகமாகிவிடும். ஆகவே போடுவதற்கு முன்பே சாலையில் 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குண்டை வைத்து, சம்மட்டியால் ஒரே ஓர் அடி கொடுத்து, அது எவ்வளவு ஆழம் பதிந்தது என்று ஆஸ்திரேலியாவில் அளக்கிறார்கள். சூடான நாளில் பதிவது அதிகம், குளிர்ந்த நாளில் குறைவு என்பதால் சாலையின் வெப்பநிலையையும் கூடவே குறித்துக்கொள்கிறார்கள்.

போட்டபின் அளப்பதற்கு மணல் வட்டச் சோதனை. இத்தனை சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரே சீரான அளவுள்ள உலர்ந்த மணலை 45 மில்லிலிட்டர் அளந்து சாலையில் கொட்டுகிறார்கள். அடியில் ரப்பர் ஒட்டிய வட்டத் தகட்டால் அதைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துப் பரப்புகிறார்கள். மணல் கற்களின் இடுக்குகளை நிரப்பி, கற்களின் தலை மட்டத்துக்கு வந்ததும் மேற்கொண்டு பரவாது. அந்த வட்டத்தின் விட்டத்தை அளக்க வேண்டும். 57,300ஐ விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் (விட்டம் மில்லிமீட்டரில்) இடுக்குகளின் சராசரி ஆழம் மில்லிமீட்டரில் கிடைக்கும். வட்டம் 15 சென்டிமீட்டரில் நின்றால் ஆழம் இரண்டரை மில்லிமீட்டர். கற்கள் நன்றாகத் தலைநிமிர்ந்து நிற்கின்றன. வட்டம் 30 சென்டிமீட்டர் வரை விரிந்தால் ஆழம் 0.64 மில்லிமீட்டர்தான், கற்கள் ஏறக்குறைய அமிழ்ந்துவிட்டன. சக்கரம் ஓடும் தடத்தில் ஓர் அளவு, இரண்டு தடங்களுக்கும் நடுவில் ஓர் அளவு எடுத்தால், வண்டிகள் இதுவரை எவ்வளவு அழுத்தியிருக்கின்றன என்பதும் தெரிந்துவிடும்.

நியூசிலாந்து இந்த மணல் வட்டத்தை ஒப்பந்தத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. அங்குள்ள செயல்திறன் அடிப்படையிலான ஒப்பந்த விதியில், எவ்வளவு தார் தெளிக்க வேண்டும், எந்த ஜல்லி போட வேண்டும் என்பதை ஒப்பந்தக்காரரே முடிவு செய்கிறார். வேலை முடிந்து பன்னிரண்டு மாதம் கழித்து அந்தப் பரப்பின் ஆழம் அளக்கப்படுகிறது. ஒரு கோடை, ஒரு குளிர்காலம், ஓராண்டுப் போக்குவரத்து எல்லாம் கடந்த பிறகு மிச்சமிருக்கும் ஆழமே வேலை தரமானதா என்பதற்குச் சான்று. எத்தனை பீப்பாய் தார் வந்தது, எத்தனை லோடு ஜல்லி இறங்கியது என்று கணக்குப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ நேர்மையான அளவுகோல்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. ஜல்லி பறக்கவில்லை, அமிழவும் இல்லை. ஆனாலும் தார் வயதாகிக்கொண்டே போகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் தாரின் மூலக்கூறுகளோடு சேர்ந்து அவற்றை ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கிறது. தார் கெட்டியாகிக்கொண்டே வருகிறது. கடலைமிட்டாய்ப் பாகு இளஞ்சூட்டில் வளையும், ஆறிவிட்டால் ஒடியும். தாருக்கு அந்த மாற்றம் பல ஆண்டுகளில், சூடு மாறாமலே நடந்துவிடுகிறது. இதைச் சோதனைச் சாலையில் வண்டி ஓட்டிக் கண்டுபிடிக்க முடியாது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் கூரைக்குள்ளே 58 மீட்டர் சுற்றளவில் ஒரு வட்டச் சாலை இருக்கிறது. 1987இல் அமைக்கப்பட்டது. நடுவில் சுழலும் கைகளின் நுனியில் லாரிச் சக்கரங்கள் மாட்டி இரவு பகலாக ஓட்டலாம். பல ஆண்டுப் போக்குவரத்தைச் சில மாதங்களில் ஏற்றிவிடலாம். சக்கரங்களை வேகப்படுத்த முடியும். ஆக்சிஜனை அப்படி வேகப்படுத்த முடியாது.

அதற்கு வழி அடுப்பு. அமெரிக்காவில் 1987 முதல் 1993 வரை நடந்த பெரும் நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டத்தின் பலனாக ஓர் அழுத்தக் கலன் சோதனை வந்தது. முதலில் தாரை 163 டிகிரியில் 85 நிமிடம் மெல்லிய படலமாகச் சுழற்றிச் சூடாக்குகிறார்கள். இது ஆலையில் காய்ச்சும்போது ஏற்படும் கேட்டுக்கு ஈடு. பிறகு 2.1 மெகாபாஸ்கல், அதாவது வளிமண்டலத்தைப்போல ஏறத்தாழ 21 மடங்கு அழுத்தமுள்ள காற்றில், பெரும்பாலும் 100 டிகிரியில், 20 மணி நேரம். இது சாலையில் பல ஆண்டுகள் கிடந்ததற்குச் சமம் என்று கொள்ளப்படுகிறது. ஆனால் இந்தச் சோதனை கலவைச் சாலையை மனதில் வைத்து உருவானது. சீல் கோட்டின் தார் வெயிலுக்கும் காற்றுக்கும் நேரடியாக முகம் காட்டி நிற்கிறது.

ஆஸ்திரேலிய சாலை ஆய்வு வாரியம் தனி வழியில் போனது. இ. ஜே. டிக்கின்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நாட்டின் வெவ்வேறு வெப்பநிலைப் பகுதிகளில் போடப்பட்ட சோதனைச் சாலைகளிலிருந்து பழைய தாரைப் பெயர்த்து, கரைத்துப் பிரித்தெடுத்து, அது எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். அதோடு இணைத்து ஓர் ஆயுள் சோதனையும் உருவானது: கண்ணாடிக் குப்பிகளின் உட்சுவரில் 20 மைக்ரான் கனத்துக்குத் தார்ப் படலம் பூசி, 100 டிகிரி அடுப்பில் சுழல விடுவது. அவ்வப்போது ஒரு குப்பியை எடுத்து அளந்து, 45 டிகிரியில் அதன் பாகுத்தன்மை ஏறக்குறைய ஐந்து லட்சம் பாஸ்கல் வினாடியைத் தொட எத்தனை நாள் ஆனது என்று பார்ப்பது. அந்த நாட்கணக்கே அந்தத் தாரின் ஆயுள் எண். ஒரே தரச்சான்று பெற்ற இரண்டு தார்கள் இந்தச் சோதனையில் வெகுவாக வேறுபடலாம். எந்தக் கச்சா எண்ணெயிலிருந்து, எப்படிச் சுத்திகரித்து எடுத்தது என்பது அதில் தெரிந்துவிடும்.

பிறகு ஜே. டபிள்யூ. எச். ஆலிவர் இந்த ஆயுள் எண்ணையும், ஊரின் வெப்பநிலையையும், ஜல்லியின் அளவையும் சேர்த்து ஒரு சமன்பாடு தந்தார். அதில் கவனிக்கத் தக்கவை இரண்டு. ஜல்லி பெரிதானால் அதற்கேற்பத் தார்ப் படலமும் தடிக்கும், ஆயுள் கூடும். அடுத்தது நாம் எளிதில் எதிர்பார்க்காதது: வெப்பமான ஊரில் தார் வேகமாகக் கெட்டியாகிறது, ஆனால் பூச்சு வெடிப்பது குளிர்ந்த இரவில். ஆகவே ஒரு தார் எந்த அளவு கெட்டியானால் ஆபத்து என்பது ஊருக்கு ஊர் மாறும். குளிர்காலம் கடுமையான ஊரில் சாலையை வெடிக்கவைக்கும் அதே கெட்டித்தன்மை, வெப்பமண்டலக் கடற்கரையில் ஒன்றும் செய்யாமல் கிடக்கும். ஓரிடத்தில் தேறிய தரக்கட்டளையை அப்படியே இன்னோர் இடத்துக்கு எடுத்துச் செல்வதில் உள்ள ஆபத்து இதிலிருந்து விளங்கும்.

இவ்வளவு சோதித்தும், பூச்சின் ஆயுளைத் தீர்மானிக்கும் பெரிய காரணி பூச்சிலேயே இல்லை என்று தெரிய வந்தது. 1990 வாக்கில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 81 இடங்களில் சோதனைத் துண்டுகள் போட்டார்கள். ஒவ்வோர் இடத்திலும் பக்கத்துப் பக்கத்தில் ஜல்லி தூவிய பூச்சு, குழம்புப் பூச்சு, விரிசல் அடைப்பு, மெல்லிய தார்க் கலவை. கூடவே ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் செய்யாமல் விட்ட துண்டு. ஆண்டுக்கணக்கில் கவனித்ததில், விரிசலும் சிதைவும் மறுபடி தலைகாட்டாமல் தடுப்பதில் ஜல்லி தூவிய பூச்சே முன்னணியில் நின்றது. அதைவிட முக்கியமான முடிவு இது: பூச்சு போடும்போது சாலை ஏற்கெனவே மோசமான நிலையில் இருந்திருந்தால், பூச்சு தோற்கும் வாய்ப்பு நல்ல சாலையைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. விரிசல் விட்டபின் மூடுவதற்காகப் பூசுவது தாமதமான வைத்தியம். விரிசல் வருமுன் பூசினால்தான் அந்த ஒரு மில்லிமீட்டருக்கு வேலை இருக்கும்.

நம் ஊரிலும் இது பொருந்தும். 2000இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்பட்ட ஏராளமான சாலைகளின் மேற்பரப்பு, 20 மில்லிமீட்டர் தார்க் கலவையும் அதன்மேல் ஒரு சீல் கோட்டும்தான். ஐந்தாண்டுப் பராமரிப்பும் போட்டவருடைய பொறுப்பு என்று அந்த ஒப்பந்தங்களிலேயே இருக்கிறது. அந்த ஐந்தாண்டுக்குள் ஒரு குழி விழுந்ததா என்று பார்ப்பது தாமதம்; குழி என்பது பூச்சு தோற்று வெகுநாள் ஆனபின் தெரிவது. சாலை திறந்த வாரத்தில் ஒரு முறை, முதல் பருவமழை முடிந்ததும் ஒரு முறை, ஓராண்டு நிறைவில் ஒரு முறை, கிலோமீட்டருக்குச் சில இடங்களில் மணல் வட்டம் போட்டு அளந்து, அந்த எண்களைச் சாலையின் பெயர்ப் பலகையிலேயே எழுதி வைக்கலாம். அதற்கு வேண்டியது சலித்த மணல், ஓர் அளவுக் குடுவை, ஒரு வட்டத் தகடு, ஓர் அளவுகோல். ஒன்றிய அலுவலகத்து இளம் பொறியாளர் ஒருவர் அரை நாளில் முடித்துவிடக்கூடிய வேலை. சாலைக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.